தேரும் வெள்ளமும் ஐந்து கிலோ கட்டையும்

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம். பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மருமகன் இயற்பியல் நோட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இந்தக் கணக்கு வரமாட்டேங்கு."

வாங்கிப் பார்த்தேன். ஐந்து கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டை ஒன்று சொரசொரப்பான கிடைத்தளத்தில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. கட்டையை நகர்த்தக் குறைந்தபட்சம் எவ்வளவு விசை வேண்டும்? கீழே நான்கு சூத்திரங்களை வரிசையாக எழுதி, மூன்றை அடித்திருந்தான். நான்காவதையும் அடிக்கலாமா என்று பேனா காத்திருந்தது.

"எந்த ஃபார்முலான்னு மட்டும் சொல்லுங்க. நான் போட்டுக்கிடுதேன்."

"அது இருக்கட்டும். நேத்து தேர் இழுத்தேல்லா? கெளம்பும்போது அவ்வளவு பாடுபடுத்துன தேரு, கெளம்பின பெறகு எதுக்குல லேசாப் போச்சு?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அது தேரு மாமா. இது கணக்கு."

இயற்பியல் வீட்டுப்பாடத்தில் பிள்ளைகள் படும் கஷ்டம் மொத்தமும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ரத வீதியில் கையும் தோளும் வலிக்க வலிக்க உராய்வைப் படித்துவிட்டு வந்தவனுக்கு, நோட்டில் அதே உராய்வு அடையாளம் தெரியவில்லை.

முதலில் கதையைச் சொல்

"மொதல்ல கணக்க உன் பாஷையில சொல்லு," என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஒரு கட்டை தரையில கெடக்கு. தள்ளணும். தரை விடமாட்டேங்கு. எவ்வளவு தள்ளினா நகரும்னு கேக்கான்."

பாதிக் கணக்கு இதிலேயே முடிந்துவிட்டது. "சொரசொரப்பான கிடைத்தளம்" என்பது "தரை விடமாட்டேங்கு" என்று ஆனதும் எதிரி யார் என்பது தெரிந்துவிடுகிறது. தாமிரபரணிக் கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புஸ்வாமி, வக்கீல் தொழிலுக்கு நடுவே அறிவியலைத் தமிழில் எழுதுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அந்த முயற்சிக்கு அடியில் இருந்த எண்ணத்தை வீட்டுப்பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். தன் பேச்சில் சொல்ல முடியாத ஒன்றை ஒருவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

அடுத்த வேலை படம். பாடப்புத்தகம் இதைத் தனித்த பொருளின் விசைப்படம் என்று சொல்கிறது. பெயர்தான் பெரிது, வேலை சின்னது. பொருளை ஒரு பெட்டியாகப் போடு. அதன்மேல் யார் யார் கை வைக்கிறார்களோ அத்தனைக்கும் ஒரு அம்புக்குறி போடு.

கட்டைக்கு நான்கு அம்பு. பூமி கீழே இழுக்கிறது, அது எடை. தரை மேலே தாங்குகிறது, அது செங்குத்து விசை. நாம் ஒரு பக்கம் தள்ளுகிறோம். தரை எதிர்ப்பக்கம் பிடிக்கிறது, அது உராய்வு. மேலும் கீழும் சமம் என்பதால் செங்குத்து விசை எடைக்கு ஈடு: 5 பெருக்கல் 9.8, அதாவது 49 நியூட்டன். தரையின் பிடி அதில் 0.4 பங்கு வரை போகும்: 19.6 நியூட்டன். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் பலம். அவ்வளவுதான் விடை.

மருமகன் நிமிர்ந்தான். "இதுக்கா ரெண்டு பக்கம் கிறுக்கினேன்?"

450 டன் கட்டை

"இப்போ கட்டைய எடுத்துட்டு அதே எடத்துல நெல்லையப்பர் தேர வையி."

அந்தத் தேரின் எடை 450 டன் என்று ஊரில் சொல்வார்கள். நான்கு ரத வீதிகளையும் அது மனித பலத்தாலேயே சுற்றி வருகிறது. படம் போடும்போது முதலில் செய்ய வேண்டியது கழிப்பது. தேரின் சிற்பம் போகட்டும், தொம்பை போகட்டும், கொடியும் மேளமும் வாகையடி முக்கில் நிற்கும் கூட்டமும் போகட்டும். மிஞ்சுவது ஒரு பெட்டி, நான்கு அம்பு. கட்டைக்குப் போட்ட அதே படம்.

தேருக்குச் சக்கரம் இல்லை, கட்டையைப் போல் தரையில் தேய்த்தே இழுக்க வேண்டும் என்று முதலில் வைத்துக்கொள்வோம். எடை 4,50,000 பெருக்கல் 9.8, அதாவது சுமார் 44 லட்சம் நியூட்டன். உராய்வுக் குணகம் 0.5 என்றால் 22 லட்சம் நியூட்டன் வேண்டும். ஓர் ஆள் தொடர்ந்து 300 நியூட்டன் இழுப்பார் என்று கொள்ளலாம். கிணற்றிலிருந்து 30 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவரும் பாரம் அது. 7,000 பேருக்கு மேல் தேவைப்படும்.

இப்போது சக்கரத்தை மாட்டுவோம். உருளும்போது தரை பிடிப்பது மிகவும் குறைவு. அந்தக் குணகத்தை 0.02 என்று வைத்தால் 88,000 நியூட்டன் போதும். 300 பேர்! சக்கரம் என்ற ஒரு வட்டம் 7,000 பேர் வேலையை 300 பேர் வேலையாக்கிவிடுகிறது.

"ஆனா நேத்து ஆயிரக்கணக்குல நின்னோமே மாமா?"

நல்ல கேள்வி. வந்த விடையை உலகத்தோடு ஒட்டிப் பார்க்கிறவன்தான் இப்படிக் கேட்பான். காரணம் ஒன்றல்ல. நின்ற தேரைக் கிளப்புவது ஓடும் தேரை ஓட்டுவதைவிடக் கடினம். ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் சக்கரம் சாலையை அமுக்கிச் சின்னப் பள்ளம் செய்திருக்கும். அச்சு இறுகிப் பிடித்திருக்கும். அதனால்தான் கிளம்பும் நேரத்தில் சக்கரத்துக்குப் பின்னால் தடி கொடுத்து நெம்புகிறார்கள். நெம்புகோல் சில அங்குலம் தள்ளிவிட்டால் போதும், மிச்சத்தை வடம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் பலம் சேராது. முழக்கமும் விசிலும் அதற்காகத்தான். மூன்றாவது, வடத்தில் கை வைத்தவர்கள் எல்லோரும் இழுப்பவர்கள் அல்ல. தொட்டுக் கும்பிட வந்தவர்களும் உண்டு.

"வடம் எங்கே அதிகமா வலிக்கும்?" என்று அவனிடம் கேட்டேன். நடுவில் என்றான். இதற்கும் படம் போடச் சொன்னேன். வடத்தின் முன்நுனியில் இருப்பவர் இழுப்பது ஒரு பங்கு. அவருக்குப் பின்னால் இருப்பவர் தன் பங்கையும் சேர்க்கிறார். இப்படியே தேரை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வருகிறது. தேரில் வடம் கட்டிய இடத்தில் அத்தனை பேருடைய இழுப்பும் மொத்தமாக உட்கார்ந்திருக்கும். 2024ஆம் ஆண்டு ஆனித் தேரோட்டத்தில் வடம் அடுத்தடுத்து அறுந்து ஊரே திகைத்து நின்றது நினைவிருக்கலாம். ஒரு வடத்தின் பலம் அதன் நாரையும் முறுக்கையும் வயதையும் பொறுத்தது. பாரம் எந்த இடத்தில் உச்சம் என்பதைச் சொல்ல நான்கு அம்பு போட்ட படமே போதும். தொய்ந்து கிடக்கும் வடத்தைத் திடுமென்று சுண்டி இழுத்தால் அந்த உச்சம் இன்னும் எகிறும்.

கண்ணில் படும் எண்களை எல்லாம் போடாதே

பாடப்புத்தகக் கணக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேவையான எண்ணை மட்டும் கொடுப்பார்கள். அதனால் கொடுத்த எண் அத்தனையையும் எப்படியாவது பெருக்கி வகுத்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். உலகம் அப்படிக் கணக்கு கொடுப்பதில்லை.

நெல்லைப் பதிப்பு நாளிதழைப் பிரித்தால் அணை நிலவரம் இருக்கும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இரண்டும் நிரம்பினால் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீர், ஆளுக்குச் சுமார் 5,500 மில்லியன் கன அடி. நீர் அந்த உயரத்துக்கு நிற்கிறது என்று கொண்டால், எந்த அணையின் அடியில் அழுத்தம் அதிகம்?

மருமகன் 5,500ஐ எழுதினான். அழி என்றேன். அழுத்தத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பொருட்டே இல்லை; எவ்வளவு ஆழம் என்பதுதான் பொருட்டு. 143 அடி என்பது 43.6 மீட்டர். அடர்த்தி, ஈர்ப்பு, ஆழம் மூன்றையும் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 4,27,000 நியூட்டன். நம் தலைமேல் காற்று அழுத்துவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். மணிமுத்தாறுக்கு 3,53,000. ஆழம் மட்டும் 143 அடி இருந்தால், அணைக்குப் பதிலாக ஒற்றைக் கிணறு இருந்தாலும் அடியில் அதே அழுத்தம்தான். எந்த எண்ணை விடுவது என்று தெரிவது, எந்த எண்ணைப் போடுவது என்று தெரிவதைவிடப் பெரிய பாடம்.

இன்னொன்று அலகு. அணையிலிருந்து 1,000 கன அடி திறப்பு என்று போட்டிருந்தால் அது நொடிக்கு 1,000 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே நொடிக்கு 28.3 டன் தண்ணீர் இறங்குகிறது. அது 100 மீட்டர் கீழே விழுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 28,300 கிலோ, 9.8, 100 மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 2 கோடியே 77 லட்சம் ஜூல், அதாவது 27.7 மெகாவாட். எந்திரம் அதில் 85 விழுக்காட்டை மின்சாரமாக்கினால் 23 மெகாவாட்டுக்குச் சற்று மேல். பாபநாசம் நீர்மின் நிலையத்தில் 8 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. மொத்தத் திறன் 32 மெகாவாட். திண்ணையில் உட்கார்ந்து போட்ட மனக்கணக்கு அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 2,300 என்றோ 0.23 என்றோ வந்திருந்தால் எங்கோ அலகில் கோட்டைவிட்டோம் என்று அர்த்தம்.

அலகில் கோட்டைவிடுவது பள்ளிப் பிள்ளைகள் மட்டும் செய்யும் பிழை இல்லை. நாசா அனுப்பிய செவ்வாய் காலநிலைச் சுற்றுக்கலம் 1999இல் செவ்வாய்க்கு மிக அருகில் போய்த் தொலைந்தது. ஒரு குழு பவுண்டு கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். ஆகவே ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுது. வரும் விடையை ஊரில் நிறுத்திப் பார். ஜங்ஷனிலிருந்து பாளை வரும் பஸ்ஸின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்று விடை வந்தால், அது மணிக்கு 1,440 கிலோமீட்டர். அந்த பஸ் ஒலியை முந்திக்கொண்டு வரும். கால்குலேட்டர் சிரிக்காது, நாம்தான் சிரித்துவிட்டு அழிக்க வேண்டும்.

அடுக்கத் தெரிந்தவர்

1981இல் அமெரிக்காவில் மிச்சலீன் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இயற்பியல் கணக்குகளைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, "விடை போட வேண்டாம், ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக அடுக்குங்கள்" என்றார்கள். புதிதாகப் படிப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதை வைத்து அடுக்கினார்கள்: சாய்தளக் கணக்கெல்லாம் ஒரு பக்கம், சுருள்வில் கணக்கெல்லாம் ஒரு பக்கம். துறையில் தேர்ந்தவர்கள் அடுக்கியது வேறு மாதிரி: இவை ஆற்றல் அழியாமையால் விழும், இவை நியூட்டனின் இரண்டாம் விதியால் விழும். சாய்தளமும் சுருள்வில்லும் அவர்கள் கையில் ஒரே கட்டில் போய்ச் சேர்ந்தன.

"அது தேரு, இது கணக்கு" என்று மருமகன் சொன்னது முதல் வகை அடுக்கல். வீட்டுப்பாடத்தின் வேலை அவனை இரண்டாம் வகைக்குக் கொண்டுபோவது. இருபது கணக்கு போடச் சொல்வது இருபது விடைக்காக அல்ல. இருபதில் பதினைந்து ஒரே கணக்குதான் என்று ஒருநாள் அவனுக்கே தெரிய வேண்டும், அதற்காக.

ஆற்றில் நிற்கும் ஆள்

மூன்றாவதாக ஒரு கணக்கு நான் கொடுத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது.

"வெள்ளத்துல முழங்கால் அளவு தண்ணியில ஒரு ஆள் நிக்காரு. அறுபது கிலோ. தண்ணி அவர எப்போ இழுத்துட்டுப் போகும்?"

"இதுக்கு ஃபார்முலா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு பெட்டி ஒன்று போட்டான். எடை கீழே. செங்குத்து விசை மேலே. தண்ணீர் ஒரு பக்கம் தள்ளுகிறது. தரை எதிர்ப்பக்கம் பிடிக்கிறது. நான்கு அம்பு. பேனாவை வைத்துவிட்டு முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"மாமா, இது அந்தக் கட்டைதான்."

ஆமாம், அந்தக் கட்டைதான். இரண்டு சின்ன மாற்றம் மட்டும். முதலாவது, மூழ்கிய கால்கள் சுமார் ஏழு லிட்டர் தண்ணீரை விலக்குகின்றன. அந்த அளவுக்குத் தண்ணீர் ஆளை மேலே தூக்குகிறது. தரைக்கு அவர் 53 கிலோ ஆள் மாதிரி. 53 பெருக்கல் 9.8, சுமார் 519 நியூட்டன். காலுக்கும் தரைக்கும் குணகம் 0.5 என்றால் தரையின் பிடி 260 நியூட்டன்.

இரண்டாவது, தண்ணீர் எவ்வளவு தள்ளும்? வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு நொடியும் காலில் வந்து மோதும் தண்ணீர் இரட்டிக்கும். மோதும் ஒவ்வொரு லிட்டரின் உந்தமும் இரட்டிக்கும். இரண்டும் சேர்ந்து தள்ளு நான்கு மடங்காகும். வேகத்தின் வர்க்கம் சூத்திரத்துக்குள் வந்த வழி இதுதான். தண்ணீரின் அடர்த்தியில் பாதியை எடுத்து, மறிக்கும் பரப்பாலும் வேகத்தின் வர்க்கத்தாலும் பெருக்கினால் ஒரு நல்ல மதிப்பீடு கிடைக்கும். இரண்டு காலும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம்: 0.15 சதுர மீட்டர்.

நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 75 நியூட்டன். நிற்கலாம். ஒன்றரை மீட்டரில் 169. தடுமாறி நிற்கலாம். இரண்டு மீட்டரில் 300. தரையின் பிடி 260தான். ஆள் போய்விட்டார்.

நொடிக்கு இரண்டு மீட்டர் என்பது மணிக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம். ஓட்டமும் நடையுமாகப் போகும் வேகம். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்குகிறவரின் கண்ணுக்கு ஆழம் தெரிகிறது, வேகத்தின் வர்க்கம் தெரிவதில்லை.

இடுப்பளவு ஆழத்துக்கும் போடு என்றேன். உடம்பு 25 லிட்டர் மூழ்கியது என்று வைத்துக்கொண்டான். தரைக்கு அவர் 35 கிலோதான்; பிடி 171 நியூட்டனாகக் குறைந்தது. மறிக்கும் பரப்பு இரட்டித்து 0.3 ஆனது. நொடிக்கு ஒரு மீட்டரிலேயே 150 நியூட்டன். மெதுவாக நடக்கிற வேகத்தை ஆறு கொஞ்சம் தாண்டினாலே ஆள் நிற்க முடியாது. ஆழம் கூடினால் தண்ணீர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: தள்ளுவதைக் கூட்டுகிறது, தரையின் பிடியைக் குறைக்கிறது.

தேரில் உராய்வு நமக்கு எதிரி. ஆற்றில் அதுதான் நம்மைக் காப்பாற்றும் கை. படம் மாறவில்லை; நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

நான் எழுந்து உள்ளே போய்க் காப்பி வாங்கிக்கொண்டு வந்தபோது அவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். நான் கொடுத்த கணக்கு முடிந்துவிட்டது. கீழே புதிதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 0.5ஐ அடித்துவிட்டு 0.2 போட்டிருந்தான்.

"இது யாருல குடுத்தா?"

"யாரும் குடுக்கல. குறுக்குத்துறையில ஆத்துப் படியெல்லாம் பாசி மாமா. அங்க 0.5 எப்படி வரும்? பிடி 104தான் வருது. நொடிக்கு ஒன்னே கால் மீட்டர் கூட வேண்டாம், முழங்கால் தண்ணியிலயே வழுக்கிரும்."

கணக்கைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அவன் நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஆச்சி, நாளைக்கு ஆத்துக்குக் குளிக்கப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ."